போனை எடுங்க வக்கீல் சார்! - வாசகர் கேள்வி பதில்

வக்கீலும் கட்சிக்காரரும் பேசிக்கிறதுல, வக்கீலும் வக்கீலும் பேசிக்கிறதுல என்ன சிக்கல் வருதுன்னு எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வக்கீல்கள் எழுதியிருக்காங்க, கட்சிக்காரங்க எழுதியிருக்காங்க, ஒரு கம்பெனியோட சட்டப் பிரிவுல இருக்கிறவரும் எழுதியிருக்காரு. பேர் வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால யார் பேரும் போடலை. கேள்விகளைச் சுருக்கியிருக்கேன், விஷயத்தை மாத்தலை.

கேள்வி: என் சொத்து வழக்கை நடத்துற வக்கீல் நல்ல திறமைசாலி, ஆனா போன் எடுக்கவே மாட்டேங்கிறாரு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானே போய் நின்னு, என்ன நடந்துச்சுன்னு குமாஸ்தாகிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. அவர் கோவிச்சுக்காத மாதிரி எப்படிக் கேக்கிறது?

பதில்: கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, முதல்ல அந்தத் தயக்கத்தை விடுங்க. உங்க வக்கீல் கூப்பிடாததுக்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியமா இருக்காது, அவரைப் பொறுத்தவரைக்கும் அன்னிக்கு ஒண்ணும் நடக்கலை, தேதி மாத்தினாங்க, அவ்ளோதான், இதுல சொல்ல என்ன இருக்குன்னு நினைச்சு அடுத்த கேஸ் கட்டைக் கையில எடுத்துடறாரு. உங்களுக்கோ அந்த "ஒண்ணும் நடக்கலை"ங்கிறதே ஒரு சேதி. அது வந்து சேரலைன்னா மனசு சும்மா இருக்குமா, எதிர்தரப்போட சேர்ந்துட்டாரோ, கேஸ் கெட்டுப்போச்சோ, நாம குடுத்த ஃபீஸ் பத்தலையோன்னு ராத்திரி பூரா ஓடும்.

இதை வக்கீல்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். நான் பாத்த வரைக்கும் வழக்குல தோத்ததுக்காக வக்கீலை மாத்தினவங்களைவிட, தகவலே வரலைன்னு மாத்தினவங்கதான் அதிகம். இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் வக்கீல்கள் மேல வர்ற சேவைப் புகார்களைப் பாக்க லீகல் ஓம்பட்ஸ்மேன்னு ஒரு அமைப்பு 2010லேருந்து இருக்கு, அங்கயும் வருஷா வருஷம் முன்னாடி நிக்கிற புகார்கள்ல தாமதமும் சரியா தகவல் சொல்லாததும் கண்டிப்பா இருக்கும். அமெரிக்க வக்கீல்கள் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷனோட மாதிரி விதிகள்ல 1.4ன்னு இதுக்குன்னே ஒரு விதி போட்டிருக்காங்க: வழக்கு எந்த நிலையில இருக்குன்னு கட்சிக்காரருக்குத் தெரிஞ்சுகிட்டே இருக்கணும், அவர் நியாயமா ஒரு தகவல் கேட்டா சீக்கிரம் குடுக்கணும், அவரே யோசிச்சு முடிவெடுக்கிற அளவுக்கு விளக்கணும்னு. அப்போ தகவல் சொல்றதுங்கிறது நேரம் இருந்தா செய்ற உபகாரம் கிடையாது, வாங்கின வேலையில அதுவும் ஒரு பாகம்.

பெரிய கடிதமெல்லாம் எழுத வேண்டாம், கோர்ட்டு வராந்தாவுல நடந்துகிட்டே அனுப்பிடலாம். இப்படி இருந்தா போதும்: "இன்னைக்கு எதிர்தரப்பு பதில் மனு தாக்கல் பண்ணலை, டைம் கேட்டாங்க, ஜட்ஜ் குடுத்துட்டாங்க. அடுத்த தேதி 14. அன்னிக்கு நீங்க வர வேண்டாம். அதுக்குள்ள 2009 பத்திரத்தோட காப்பி மட்டும் எடுத்து வைங்க." என்ன நடந்துச்சு, அடுத்து எப்போ, நீங்க என்ன செய்யணும், மூணும் வந்துடுச்சு. இதை ஜூனியரோ குமாஸ்தாவோ அனுப்பினாலும் சரிதான், ஆனா கண்டிப்பா அனுப்பணும்.

உங்க பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு. கோர்ட்டு நேரத்துல பத்து தடவை கூப்பிட்டா எந்த வக்கீலாலயும் எடுக்க முடியாது. கேக்க வேண்டியதையெல்லாம் சேத்து ஒரே மெசேஜா எழுதுங்க, "இதைப் பத்தி எப்போ பேசலாம், உங்களுக்கு முடியலைன்னா ஆபீஸ்ல யார்கிட்ட பேசட்டும்"னு கடைசியில கேளுங்க. இப்படிக் கேட்டும் தொடர்ந்து பதிலே வரலைன்னா, வழக்கு எந்த நிலையில இருக்குன்னு எழுத்துல கேளுங்க. அதுக்கு ஒரு வக்கீல் கோவிச்சுக்கிட்டா தப்பு உங்க மேல இல்ல.

கேள்வி: நான் ப்ராக்டீஸ் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. கட்சிக்காரங்க வந்து உக்காந்தா ஊர்க்கதை பூரா சொல்றாங்க. வழக்குக்கு வேணுங்கிறதை மட்டும் சொல்லுங்கன்னா முகம் சுருங்கிப் போகுது. எப்படி மடக்குறது?

பதில்: மடக்காதீங்க, முதல் சில நிமிஷமாவது விட்டுடுங்க. வழக்குக்கு எது வேணும்னு தெரிஞ்சா அவர் ஏன் உங்ககிட்ட வரப்போறாரு? அதைப் பிரிச்சு எடுக்கிறதுக்குத்தான நீங்க இருக்கீங்க.

இந்த விஷயத்துல டாக்டர்களை வச்சு நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கு, நமக்கும் அப்படியே பொருந்தும். 1984ல பெக்மேன், ஃப்ராங்கெல்னு ரெண்டு பேர் 74 சந்திப்புகளைப் பதிவு பண்ணிக் கேட்டாங்க. நோயாளி "எனக்கு என்னன்னா"ன்னு ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்டுல டாக்டர் குறுக்க பூந்துடறாரு, 23 சதவீத சந்திப்புலதான் நோயாளி முதல்ல சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சாரு. சரி, குறுக்கிடாம விட்டா மணிக்கணக்கா பேசுவாங்களோன்னு பயமா இருக்கும்ல, அதையும் 2002ல ஸ்விட்சர்லாந்துல பாஸெல்ல பாத்துட்டாங்க. 335 நோயாளிகள், டாக்டர்கள் வாயைத் திறக்கலை, சராசரியா 92 செகண்டுல அவங்களே நிறுத்திட்டாங்க, 78 சதவீதம் பேர் ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. வழக்கோட வர்றவங்க கதை இதைவிட நீளம்தான், ஒத்துக்கிறேன், வருஷக்கணக்கான சண்டையை ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு பத்து நிமிஷம் முழுசா விட்டுப் பாருங்க, பெரும்பாலானவங்க தானாவே அடங்கி "நீங்க கேளுங்க சார்"னு வந்துடுவாங்க.

அந்த ஊர்க்கதைக்குள்ளதான் சரக்கு இருக்கும். ஒரு கடன் வழக்குன்னு வச்சுக்குங்க. வந்தவர் பணம் குடுத்த தேதியைச் சொல்லாம, போன வருஷம் ஒரு துக்க வீட்டுல கடன் வாங்கினவன் தன்னை எப்படி அவமானப்படுத்தினான்னு அரை மணி நேரம் பேசறாரு. "அதெல்லாம் விடுங்க, பத்திரம் இருக்கா"ன்னு நீங்க வெட்டிட்டா அதோட முடிஞ்சுது. விட்டா, "அன்னிக்கு ராத்திரியே மெசேஜ் அனுப்பினான் சார், 'கோவத்துல பேசிட்டேன், அடுத்த மாசம் பாக்கி முழுசும் தந்துடறேன்'னு"ன்னு போற போக்குல சொல்லுவாரு. உங்களுக்கு அங்க நிமிர்ந்து உக்காரத் தோணணும். வழக்கு போடறதுக்கு இருக்கிற காலக்கெடு முடியறதுக்குள்ள கடனை எழுத்துல ஒத்துக்கிட்டா காலவரம்பு புதுசா ஓட ஆரம்பிக்கும்னு பல நாட்டுச் சட்டத்துல இருக்கு, இந்தியாவுல 1963 காலவரம்புச் சட்டம் 18வது பிரிவு, இங்கிலாந்துல 1980 சட்டம். ஒரு மெசேஜ் அதுக்குப் போதுமா போதாதான்னு நீங்க வாதாட வேண்டியிருக்கும், ஆனா வாதாட ஒண்ணு கையில இருக்கு, அது துக்க வீட்டுக் கதையிலேருந்துதான் வந்துச்சு.

கதை முடிஞ்சதும் ஒரு தாள் எடுத்து வருஷ வாரியா நீங்களே திருப்பிச் சொல்லுங்க. "நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு பாருங்க, 2018ல குடுத்தீங்க, ரெண்டு தவணை வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு..." அவர் குறுக்கிட்டுத் திருத்துவாரு. அந்தத் திருத்தம் இப்போ உங்க ரூம்லயே வந்துடறது நல்லது, குறுக்கு விசாரணையில வந்தா ரொம்பக் கஷ்டம்.

கேள்வி: "ஜெயிச்சிடும்ல சார்?" - எல்லா கட்சிக்காரரும் கேக்கிற இந்தக் கேள்விக்கு நேர்மையா என்ன பதில் சொல்றது? உண்மையைச் சொன்னா வேற வக்கீல்கிட்ட போயிடறாங்க.

பதில்: போறவங்க போகட்டும், கஷ்டமா இருந்தாலும் அதுதான் நல்லது, ஏன்னா "கண்டிப்பா ஜெயிச்சிடலாம்"னு சொல்லி உக்கார வச்சவரை ரெண்டு வருஷம் கழிச்சு உங்களால சமாளிக்க முடியாது. அதுக்காக "பாக்கலாம்"னு மழுப்புறதும் பதிலே கிடையாது. அதைக் கேட்டுட்டு அவர் வீட்டுக்குப் போய் தனக்குப் பிடிச்ச மாதிரி அர்த்தம் பண்ணிக்குவாரு.

"நல்ல வாய்ப்பு இருக்கு"ங்கிறதும் அப்படித்தான். ஷெர்மன் கென்ட்னு அமெரிக்க உளவுத்துறை ஆய்வாளர் ஒருத்தர் 1964ல எழுதின கட்டுரை ஒண்ணு இருக்கு. 1951ல அவரோட குழு ஒரு அறிக்கையில யூகோஸ்லாவியா மேல தாக்குதல் நடக்க "கணிசமான சாத்தியம்" இருக்குன்னு எழுதி எல்லாரும் ஒத்துகிட்டு அனுப்பிட்டாங்க, அப்புறம் ஆளாளுக்கு என்ன நினைச்சு ஒத்துகிட்டீங்கன்னு கேட்டா, ஒருத்தர் மனசுல 20 சதவீதம், இன்னொருத்தர் மனசுல 80 சதவீதம். ஒரே அறையில உக்காந்து வேலை பாத்த நிபுணர்களுக்கே இப்படின்னா, உங்களுக்கும் பதட்டத்தோட எதிர்ல உக்காந்திருக்கிறவருக்கும் எப்படி இருக்கும்?

நான் சொல்ற முறை இது. நம்ம பக்கம் எது பலம், எது ஓட்டை, அந்த ஓட்டை எப்போ பெருசாகும், இது மூணையும் பிரிச்சுச் சொல்லுங்க. "பத்திரம் நம்ம பேர்ல இருக்கு, அது பெரிய பலம். ஆனா பத்து வருஷமா அனுபவத்துல அவங்க இருக்காங்க, அதை அவங்க நிரூபிச்சுட்டா சிரமம். சாட்சி விசாரணை முடிஞ்சப்புறம் திரும்ப உக்காந்து பேசலாம், அப்போ இன்னும் தெளிவா சொல்லுவேன்." இதைக் கேட்டவர் சமரசப் பேச்சு வந்தா யோசிக்கத் தயாரா இருப்பாரு. சமரசம்னதும் ஞாபகம் வருது, எதிர்தரப்பு ஒரு தொகை சொன்னா அது உங்களுக்கு எவ்ளோ கேவலமா தெரிஞ்சாலும் கட்சிக்காரர்கிட்ட சொல்லியே ஆகணும். ஒத்துக்கிறதும் தள்ளுறதும் அவர் முடிவு.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடறேன், இது ரொம்ப நடக்குது. "இடைக்காலத் தடை வாங்கியாச்சு"ன்னு வக்கீல் சொல்றாரு, கட்சிக்காரர் கேஸே ஜெயிச்சாச்சுன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிடறாரு. தலையாட்டுறாரேன்னு புரிஞ்சுதுன்னு எடுத்துக்காதீங்க, வக்கீல் முன்னாடி புரியலைன்னு சொல்ல யாருக்கும் கூச்சமா இருக்கும். "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா "புரிஞ்சுது"ன்னுதான் வரும். அதுக்குப் பதிலா "வீட்டுல கேட்டா இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுவீங்க?"ன்னு கேளுங்க, அவர் வாயால வர்றதை வச்சு எங்க பிசகியிருக்குன்னு பிடிச்சுடலாம்.

தீர்ப்பு எதிரா வந்தா? அன்னிக்கே, நீங்களே, போன்லயாவது குரல்ல சொல்லுங்க, மெசேஜ்ல போடாதீங்க, குமாஸ்தாவை விட்டுச் சொல்லாதீங்க. முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க. "தோத்துட்டோம்"னு கேட்டதுக்கு அப்புறம் சொல்ற எதுவும் அன்னிக்கு அவர் காதுல ஏறாது, அதனால அப்பீல் கெடு தேதி, அதுக்கு ஆகுற செலவு, அப்பீல்ல என்ன சொல்ல முடியும்ங்கிறதையெல்லாம் அடுத்த நாள் எழுத்துல அனுப்பி, ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டுப் பேசுங்க. கெடு ஓடிகிட்டே இருக்கும்ங்கிறதை மட்டும் முதல் போன்லயே சொல்லிடணும்.

கேள்வி: குடும்ப வழக்குகள் பாக்கிறேன். நடு ராத்திரி எட்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் வருது. ஒரு கட்சிக்காரங்க அண்ணன், அக்கா, மாமா எல்லாரையும் சேத்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு என்னையும் உள்ள போட்டுட்டாங்க. வெளிய வந்தா தப்பா நினைப்பாங்களோ?

பதில்: வெளிய வந்துடுங்க மேடம், இன்னைக்கே. வெளிய வர்றதுக்கு முன்னாடி அந்தம்மாவைத் தனியா கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லுங்க, அவங்களுக்கு யாரும் இதை விளக்கியிருக்க மாட்டாங்க. வக்கீல்கிட்ட சொல்றது ரகசியமா காக்கப்படும்ங்கிறது சட்டம் குடுக்கிற பாதுகாப்பு. இந்தியாவுல 1872 சாட்சியச் சட்டத்துல 126வது பிரிவா இருந்து, 2024 ஜூலை 1லேருந்து பாரதிய சாக்ஷ்ய அதினியம் 132வது பிரிவா இருக்கு, வக்கீலோட குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பாளரையும்கூட அது கட்டுப்படுத்தும். மத்த நாடுகள்லயும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கு. ஆனா மாமாவையும் அக்காவையும் அது கட்டுப்படுத்தாது. குரூப்ல இருக்கிற ஒருத்தர் நாளைக்கு மனசு மாறி அந்தப் பக்கம் போனா, அத்தனை ஸ்க்ரீன்ஷாட்டும் அந்தப் பக்கம் போயிடும். குடும்ப வழக்குல அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு ஆள் மாறுறது எவ்ளோ சகஜம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

ரூம்லயும் அதேதான். துணைக்கு வந்த அண்ணன் பக்கத்துலயே உக்காந்திருந்தா அந்தம்மா பேச வேண்டியதை அண்ணன் பேசுவாரு, அண்ணனுக்குத் தெரியக் கூடாத விஷயம் வெளியவே வராது. "எல்லார்கிட்டயும் இப்படித்தான், முதல் அரை மணி நேரம் தனியாத்தான் பேசுவேன், அப்புறம் நீங்க உள்ள வாங்கண்ணா"ன்னு பொதுவான வழக்கம் மாதிரி சொல்லிட்டா யாருக்கும் மனசு கஷ்டம் வராது.

போன் யார் கையில இருக்குன்னும் கேளுங்க. கணவன் மனைவி ஒரே வீட்டுல இருந்துகிட்டே விவாகரத்துக்கு யோசிக்கிறாங்கன்னா, கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் திறந்து கிடக்கும், பாஸ்வேர்டு ரெண்டு பேருக்கும் தெரியும், ஈமெயில் பழைய டேப்லெட்ல தானா வந்து விழும். நீங்க அனுப்புற நல்ல ஆலோசனை நேரா எதிர்தரப்பு கண்ணுக்குப் போகும். புது ஈமெயில், புது பாஸ்வேர்டு, நோட்டிஃபிகேஷன் ஆஃப், இது மூணும் முதல் நாளே.

ராத்திரி மெசேஜுக்கு, வக்காலத்து வாங்குற அன்னிக்கே சொல்லிடறதுதான் வழி. எதுல அனுப்பலாம், எவ்ளோ நேரத்துல பதில் வரும், அவசரம்னா எந்த நம்பர், அவசரம்னா என்ன அர்த்தம். கைது, அடிதடி, குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, வீட்டைப் பூட்டிட்டாங்க, இதெல்லாம் அவசரம், எத்தனை மணிக்கு வேணா கூப்பிடலாம். மாமியார் சொன்ன ஒரு வார்த்தை காலையில பேசிக்கலாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், அந்த எட்டு நிமிஷ வாய்ஸை கேக்காம விட்டுடாதீங்க, மறுநாள் ஜூனியரையாவது கேட்டு நாலு வரி எழுதி வைக்கச் சொல்லுங்க. பயமுறுத்தல் நடந்த தேதி அதுக்குள்ள இருக்கலாம்.

கேள்வி: சீனியர்கிட்ட கேஸ் விவரம் சொல்லப் போனா ஒரு நிமிஷத்துல "பாயிண்டுக்கு வாப்பா"ங்கிறாரு. ராத்திரி பூரா படிச்சுட்டுப் போறேன், வீணாப் போகுது.

பதில்: படிச்ச வரிசையிலயே சொல்றீங்கன்னு நினைக்கிறேன். தம்பி, சீனியருக்கு அந்த நேரத்துல தேவை வேற. அவர் இன்னும் இருபது நிமிஷத்துல எழுந்து நிக்கணும். இன்னைக்கு எதுக்காக லிஸ்ட் ஆகியிருக்கு, நாம என்ன கேக்கிறோம், அவங்க அதை ஏன் குடுக்கக் கூடாதுங்கிறாங்க, நம்மகிட்ட எது வீக். இந்த நாலையும் முதல் ஒரு நிமிஷத்துல சொல்லுங்க. "சார், இன்னைக்கு ஸ்டே நீட்டிப்புக்காக வருது. அவங்க பதில் மனுவுல சொல்ற முக்கியமான விஷயம், நாம ஒரு நோட்டீஸை மறைச்சுட்டோம்னு. அந்த நோட்டீஸ் நமக்கு வந்தது உண்மை சார், பக்கம் 47ல இருக்கு." இப்படி ஆரம்பிச்சா எந்த சீனியரும் "மேல சொல்லு"ன்னுதான் சொல்லுவாரு. வீக்கான விஷயத்தை மறைக்காம முதல்ல சொல்ற ஜூனியரைத்தான் சீனியர் நம்புவாரு, ஏன்னா ஜட்ஜ் கேட்டு அவருக்கு முதல் தடவையா தெரியவந்தா அதைவிட மோசமான நிமிஷம் கோர்ட்டுல கிடையாது.

சீனியர்களும் இதைப் படிப்பீங்க, அதனால சொல்றேன். "இதைக் கொஞ்சம் பாத்து வை"ங்கிறது வேலை சொன்னதா ஆகாது. எப்போ வேணும், எழுதித் தரணுமா வாயால சொன்னா போதுமா, தீர்ப்புகள் தேடணுமா வெறும் தேதிகளா, எதுக்காகப் பயன்படப் போகுது, இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகும், சொல்லாம விட்டா அந்தப் பையன் ரெண்டு நாள் தப்பான இடத்துல தோண்டிகிட்டு இருப்பான். தம்பி, சீனியர் சொல்லலைன்னா நீங்களே கேட்டுடுங்க, "வியாழக்கிழமைக்குள்ள ரெண்டு பக்கத்துல நோட்டா தரட்டுமா சார்?"னு. கேக்கிறதால மரியாதை குறையாது.

தீர்ப்பு தேடறதுன்னதும் இன்னொண்ணு. ஏ.ஐ.ல தேடினா தேடினேன்னு சீனியர்கிட்ட சொல்லிடுங்க, ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்துல எடுத்துப் படிச்சுட்டேன்னு சொல்ற நிலையில இருங்க. 2023 ஜூன்ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டுல சாட்ஜிபிடி கற்பனையா உருவாக்கின தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு போட்டதுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்துச்சு. அதுல தேடினவர் ஒருத்தர், கையெழுத்துப் போட்டவர் வேற ஒருத்தர், எங்கேருந்து எடுத்தேன்னு இவர் சொல்லலை, எங்கேருந்து எடுத்தேன்னு அவர் கேக்கலை. கட்சிக்காரர் விவரத்தைப் பொதுவான ஏ.ஐ.ல போடறதுக்கு முன்னாடி அவரோட சம்மதம் வேணுமான்னும் யோசிக்கணும், அமெரிக்கன் பார் அசோசியேஷன் 2024 ஜூலையில குடுத்த 512வது கருத்துரை இதைத்தான் விரிவா பேசுது.

கேள்வி: எதிர்தரப்பு வக்கீல் என் காலேஜ் நண்பர். கோர்ட்டு வாசல்ல சிரிச்சுப் பேசினதைப் பாத்து என் கட்சிக்காரர் சந்தேகப்படறாரு.

பதில்: அவர் பாத்தப்புறம் விளக்கம் குடுத்தா எதுவும் எடுபடாது, முன்னாடியே சொல்லிடணும். "அந்தப் பக்கம் வர்றவர் எனக்குத் தெரிஞ்சவர், உங்களுக்கு அதுல தயக்கம் இருந்தா இப்பவே சொல்லுங்க." பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளும், கட்சிக்காரரோட முடிவைப் பாதிக்கக்கூடிய தொடர்பு ஏதும் எதிர்தரப்போட இருந்தா முதல்லயே சொல்லிடச் சொல்லுது. நட்பு கட்சிக்காரருக்கும் நல்லதுதான்னு காட்ட ஒரே வழி, அந்த நண்பர்கிட்ட வழக்கு பத்திப் பேசினதை அன்னிக்கே கட்சிக்காரர்கிட்ட சொல்லிடறது.

நண்பரா இருந்தாலும் தேதி மாத்த ஒத்துகிட்டது, ஆவணம் தர்றேன்னு சொன்னது, எல்லாத்தையும் ஒரு வரி மெயில்ல உறுதிப்படுத்திக்குங்க. எதிர்தரப்புக்குக் குடுத்த நியாயமான வாக்கை, எழுத்துல இல்லைன்னாலும் காப்பாத்த முயற்சி பண்ணணும்னு அதே விதிகள்ல 35வது விதி சொல்லுது, ஆனா ரெண்டு பேருக்கும் ஞாபகம் வேற மாதிரி இருந்தா நட்புதான் முதல்ல அடிபடும். அப்புறம், அவரோட கட்சிக்காரர் உங்களுக்கு நேரா போன் பண்ணி "சார் நாமளே பேசி முடிச்சுக்கலாம்"னு சொன்னா, "உங்க வக்கீல் மூலமா வாங்க"ன்னு சொல்லி வச்சுடுங்க. 34வது விதி அது.

கேள்வி: கம்பெனி சட்டப் பிரிவுல இருக்கேன். உள் விசாரணையில ஊழியர்கள் என்கிட்ட மனசைத் திறந்து எல்லாம் சொல்லிடறாங்க, அப்புறம் "நீங்க எங்க வக்கீல்தானே"ங்கிறாங்க.

பதில்: அவங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: "நான் கம்பெனியோட வக்கீல், உங்க வக்கீல் இல்ல. நீங்க சொல்றதைக் கம்பெனிகிட்ட சொல்லுவேன், வெளியில சொல்லலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதும் கம்பெனிதான்." அமெரிக்காவுல 1981ல அப்ஜான்ங்கிற கம்பெனியோட வழக்குக்கு அப்புறம் இது அப்ஜான் எச்சரிக்கைன்னே பேராயிடுச்சு. கம்பெனிக்குள்ள இருக்கிற வக்கீலுக்கு ரகசியப் பாதுகாப்பு எவ்ளோ தூரம் உண்டுங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், உங்க நாட்டு நிலைமையைப் பாத்து வச்சுக்குங்க. இதைச் சொன்னா பேச மாட்டாங்களேன்னு நினைக்காதீங்க. சொல்லாம வாங்கின வாக்குமூலம் அவங்களுக்குச் செய்ற துரோகம்.

கேள்வி: கட்சிக்காரர் எதையோ மறைக்கிறாருன்னு தெரியுது. நேரடியா கேட்டா கோவப்படறாரு. எப்படிக் கேக்கிறது?

பதில்: பெரும்பாலானவங்க உங்களை ஏமாத்த மறைக்கிறதில்ல. வெக்கம், பயம், இதைச் சொன்னா நம்ம கேஸை எடுக்க மாட்டாரோங்கிற எண்ணம். அதனால "உண்மையைச் சொல்லுங்க"ன்னு கேட்டா, இதுவரைக்கும் பொய் சொன்னீங்கன்னு குத்துற மாதிரி ஆயிடும், அவர் இன்னும் உள்ள போயிடுவாரு.

பாரத்தை எதிர்தரப்பு வக்கீல் மேல போடுங்க. "நாளைக்குக் கூண்டுல நிக்கும்போது அவங்க வக்கீல் இந்த பேங்க் ஸ்டேட்மென்டைக் காட்டி, மார்ச்ல வந்த இந்தப் பணம் யாருதுன்னு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?" இப்படிக் கேட்டுட்டு சும்மா இருங்க. அந்த மௌனத்தை நீங்க உடைக்காதீங்க, ஃபைலைப் புரட்டாதீங்க, போனைப் பாக்காதீங்க. ரகசியம் காக்கிற கடமையை அந்த இடத்துல திரும்ப ஒரு தடவை சொல்லுங்க, முதல் நாள் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்காது. அதுக்கு எல்லை இருக்குன்னும் சேத்துச் சொல்லுங்க: இனிமே செய்யப் போற குற்றத்துக்கு உதவி கேட்டா அது ரகசியத்துல அடங்காது, கோர்ட்டுல பொய்யை நான் எடுத்துச் சொல்லவும் மாட்டேன்.

அப்புறமா அவர் சொல்லிட்டாருன்னா, முகத்துல எதையும் காட்டாதீங்க. "ஏன் முதல்லயே சொல்லலை"ங்கிற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிடுங்க. "நல்லவேளை இப்ப சொன்னீங்க, இதை என்ன பண்ணலாம்னு பாப்போம்"னு சொல்லி அந்த ஸ்டேட்மென்டை ரெண்டு பேரும் சேந்து வரி வரியா பாருங்க, ஏன்னா அதுல இன்னொரு பணமும் இருக்கலாம்.